தொலைப்பாடமும் அதன் அச்சாணியும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முதுமொழி. தேரின் உயரத்தையும், அதன் சிற்ப வேலைப்பாட்டையும், வடம் பிடிப்போரின் பெருந்தொகையையும் கண்டு வியக்கும் நம் கண்கள் அச்சாணியை நாடிச் செல்வதில்லை. அது கழன்று தேர் நடுவீதியில் நின்ற பின்னரே அப்படி ஒன்று இருந்தது என்னும் நினைவு நமக்கு வருகின்றது. கல்வி வரலாற்றிலும் இத்தகைய அச்சாணி ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோரிடத்திலும் இருக்க, இடையே ஒரு கருவியின் துணைகொண்டு நடைபெறும் பாடத்தைத் தொலைப்பாடம் என்று கூறலாம். அக்கருவி முதலில் வானொலிப் பெட்டியாக இருந்தது. பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியாயிற்று. இன்று கணினியாகவும் கைத்தொலைபேசியாகவும் விளங்குகின்றது. இங்கிலாந்தில் பீ.பீ.சி. நிறுவனம் பாடசாலைகளுக்கென ஒலிபரப்பத் தொடங்கியது 1924ஆம் ஆண்டில். நமது கொழும்பு வானொலி பிறந்தது 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாளில். ஆகவே தொலைப்பாடத்தின் வரலாறு ஏறத்தாழ நூறாண்டுக் கால வரலாறு எனலாம்.

இவ்வரலாற்றை எழுதுவோர் கருவிகளைக் கண்டுபிடித்தோரைப் போற்றுவர். திட்டங்களைத் திறந்துவைத்தோரைக் குறிப்பிடுவர். பாடஞ் சொன்ன ஆசிரியரையும் மறவார். ஆனால், கருவி பழுதுற்றபோது அதனைத் திருத்தியவர் யார்? பழுது நேர்ந்தது என்னும் செய்தி அவரை எவ்வாறு எட்டிற்று? அவர் வரும்வரை பிள்ளைகள் எத்தனை நாள் காத்திருந்தனர்? இம்மூன்று வினாக்களையும் கேட்போர் அரியர். இவற்றைக் கையிற் கொண்டு, அவுஸ்திரேலியா, இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் அனுபவத்தை நேயர்களுடன் சேர்ந்து நோக்குவோம்.

முதலில் அவுஸ்திரேலியாவுக்குச் செல்வோம். அக்கண்டத்தின் நடுப்பகுதி பரந்த வறள்நிலம். அங்கே மாட்டுப்பண்ணைகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளன. ஒரு பண்ணையில் ஒருவர் நோயுற்றால் வைத்தியருக்குச் செய்தி அனுப்பவே நாட்கள் கழியும். இத்துன்பத்தைக் கண்டு மனம் வருந்திய யோன் பிளின் என்னும் கிறிஸ்தவப் போதகர், 1928ஆம் ஆண்டு குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள குளொன்கரி என்னும் ஊரில் விமானத்தில் சென்று மருத்துவம் செய்யும் சேவையைத் தொடக்கினார். விமானமும் வைத்தியரும் ஆயத்தமாயினர். ஆனால் விமானத்தை அழைப்பதெங்ஙனம்? பண்ணைகளில் தந்தியும் இல்லை; தொலைபேசியும் இல்லை; மின்சாரமும் இல்லை.

இவ்விடுக்கணைத் தீர்த்தவர் அல்பிரட் திரேகர் என்னும் பொறியியலாளர். 1926ஆம் ஆண்டு அவரும் பிளினும் வறள்நிலத்தில் வானொலிக் கருவிகளைப் பரிசோதித்தபோது, கனத்த மின்கலங்களைச் சுமந்து செல்வதே பெரும்பாடாக இருந்தது. திரேகர் சிந்தித்தார். துவிச்சக்கர வண்டியின் மிதிப்பலகையைப் போன்றதொரு மிதிப்பொறியை அமைத்து, அதனைக் காலால் மிதித்து மின்சாரம் பிறப்பிக்கும் வானொலியைச் செய்தார். மேசையின்கீழ் மிதிப்பொறி, மேசைமேல் வானொலி. 1929ஆம் ஆண்டு குயின்ஸ்லாந்தின் ஒகஸ்ரஸ் டவுண்ஸ் என்னும் பண்ணையில் இத்தகைய கருவி முதன்முதல் பொருத்தப்பட்டது.

திரேகரின் பெருமை கருவியைச் செய்ததோடு முடிந்திருந்தால் அவரைப் பற்றி யான் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் கருவிகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு வாளாவிருக்கவில்லை. பாதையற்ற நிலத்தில் வாகனத்தை ஓட்டிச் சென்று, பண்ணை பண்ணையாகத் தாமே கருவியைப் பொருத்தினார். அதனை இயக்கும் முறையைப் பண்ணைப் பெண்களுக்குக் கற்பித்தார். அக்காலத்தில் செய்தியை மோர்ஸ் என்னும் தந்திக் குறியீட்டிலேயே அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டுவேலையில் ஈடுபட்டிருந்த பெண்களுக்கு அக்குறியீட்டைப் பழகுவது கடினமாக இருந்தது. திரேகர் அவர்களைக் குறைகூறவில்லை. தம் கருவியையே குறைகூறினார். எழுத்தை அழுத்தினால் அதற்குரிய குறியீடு தானாகவே செல்லுமாறு, தட்டெழுத்துப் பொறியை ஒத்த விசைப்பலகை ஒன்றை ஆக்கிக் கொடுத்தார். பின்னர், 1930களிலேயே குரலையே அனுப்பும் கருவிகளும் வந்தன.

இவ்வாறு வைத்தியத்துக்காக நெய்யப்பட்ட வலையின்மீதே பின்னர் கல்வி ஏறி அமர்ந்தது. தென் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அடிலெயிட் மீத்கே என்னும் அம்மையார் அனுபவமிக்க கல்வியாளர். பறக்கும் வைத்தியர் சேவையின் பொறுப்பாளருள் ஒருவராகவும் இருந்தவர். பண்ணைப் பிள்ளைகள் அஞ்சல்வழிப் பாடங்களைத் தனியே கற்றுக்கொண்டு, வேறு பிள்ளைகளின் குரலைக்கூடக் கேளாமல் வளர்வதை அவர் கண்டார். வைத்தியரை அழைக்கும் வானொலியிலேயே பாடத்தையும் நடத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதன் பயனாக 1951ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் நாள் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் 'வானலைப் பாடசாலை' முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்பாடசாலை திறக்கப்பட்டபோது அதன் கருவிகள் யாவும் இருபதாண்டுக்கு மேலாக இயங்கிவந்த ஒரு சேவையின் பராமரிப்பில் இருந்தன. கருவி பழுதுற்றால் பாடம் மட்டுமன்று, உயிரே போகலாம். ஆதலால் அதனைத் திருத்துவதற்கு ஆளும், உதிரிப்பாகமும், பயண ஒழுங்கும் ஏற்கெனவே இருந்தன. மேலும், அது இருவழி வானொலி. ஆசிரியை ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைப்பார். பிள்ளை மறுமொழி கூறும். மறுமொழி வராவிடின், பிள்ளைக்கு நோயோ, அன்றிக் கருவிக்குப் பழுதோ என்று வினவும் எண்ணம் அன்றைக்கே எழும். ஒருவழி ஒலிபரப்பில் இந்நன்மை இல்லை. கொழும்பிலிருந்து பாடசாலை ஒலிபரப்பில் பாடஞ் சொன்னவருக்கு, தொலைதூரக் கிராமத்து வானொலிப் பெட்டி ஊமையாகிக் கிடந்தது எவ்வாறு தெரியும்?

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வானலைப் பாடசாலைகள் வானொலியை விடுத்துச் செய்மதிவழி இணையத்துக்கு மாறின. ஆசிரியரின் முகத்தைப் பிள்ளைகள் திரையிலே காண்கின்றனர். கருவி மாறியது, ஒழுங்கு மாறவில்லை. செய்மதி அலைவாங்கியையும் கணினியையும் வீட்டிற் கொண்டுசென்று பொருத்துவதும், பழுதுபார்ப்பதும் பாடசாலையின் கடமையாகவே கருதப்படுகின்றன. அன்று திரேகர் வாகனமோட்டிச் சென்ற பாதையில் இன்று வேறொரு தொழில்நுட்பர் செல்கிறார்.

இனி நம் அயல்நாடாகிய இந்தியாவை நோக்குவோம். அவுஸ்திரேலியாவின் பண்ணைகள் மக்கள் அருகியவை. செல்வமும் ஓரளவு உடையவை. மக்கள் நெருங்கி வாழும் வறிய கிராமங்களில் இத்தகைய ஒழுங்கு சாத்தியமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை கூறுவது 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாம் நாள் முதல் 1976ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆம் நாள் வரை நடைபெற்ற செய்மதிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை.

இதன் மூலவர் விக்ரம் சாராபாய் என்னும் விஞ்ஞானி. அவர் காலத்தில், 1969ஆம் ஆண்டு, இந்திய அணுசக்தித் திணைக்களத்துக்கும் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்கா தன் செய்மதியை ஓராண்டுக்கு இரவலாகத் தரும். நிலத்திலுள்ள கருவிகளையும் நிகழ்ச்சிகளையும் இந்தியா ஆக்கிக்கொள்ளும். சாராபாய் 1971ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார்; அவருடைய மாணவரும் தோழரும் பணியைத் தொடர்ந்தனர். ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 பின்தங்கிய கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. காலையில் ஒன்றரை மணிநேரம் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள். மாலையில் பெரியோருக்கு வேளாண்மை, சுகாதாரம் முதலியன.

ஆகாயத்திலுள்ள செய்மதியைப் பற்றி உலகம் பேசிற்று. நம் கருத்துக்குரியது நிலத்திலுள்ள ஒழுங்கு. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையைக் கொண்டு மூன்று மீற்றர் விட்டமுள்ள குடைபோன்ற அலைவாங்கிகளைச் செய்தனர். அது மலிவானது, காற்றைத் தடுக்காதது, கிராமத்தவருக்குப் பழக்கமான பொருள். மின்சாரம் எட்டாத சில கிராமங்களுக்கு மின்கலத்தில் இயங்கும் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. பெட்டி பெரும்பாலும் பாடசாலையில் அல்லது பொதுவிடத்தில் வைக்கப்பட்டது. அதனைக் காக்க ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். பல ஊர்களில் அவர் பாடசாலை ஆசிரியரே.

பெட்டி பழுதுற்றால் அவ்வாசிரியர் செய்ய வேண்டியது என்ன? அதனைத் தாமே திறந்து பார்க்க வேண்டியதில்லை. தலைநகருக்கு மகஜர் எழுதவும் வேண்டியதில்லை. முகவரி எழுதிக் கையில் கொடுக்கப்பட்ட தபாலட்டை ஒன்றை அஞ்சற்பெட்டியில் இட்டால் போதும். மாவட்டங்களில் நிறுவப்பட்ட பராமரிப்பு நிலையங்களிலிருந்து தொழில்நுட்பர் உதிரிப்பாகங்களுடன் ஜீப் வண்டியில் புறப்படுவார். பாதை கெட்ட ஊர்கள். மழைக்காலத்தில் வெள்ளம் மறிக்கும் ஊர்கள். இருந்தும், அவ்வோராண்டுக் காலத்தில் பெட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை இயங்கும் நிலையிலேயே வைக்கப்பட்டன. எத்தனை பெட்டி கொடுத்தோம் என்பதோடு, இன்று எத்தனை பெட்டி இயங்குகின்றது என்பதையும் தொடர்ந்து கணக்கெடுத்தமையே இதற்குக் காரணம்.

அப்பரிசோதனை எல்லா வகையிலும் வென்றது என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். பிள்ளைகளின் மொழித்திறன் வளர்ந்தது என்று ஆய்வாளர் கண்டனர். ஆனால் பாடசாலையிற் சேர்வோர் தொகையிலோ, இடையில் விலகுவோர் தொகையிலோ பெரிய மாற்றம் காணப்படவில்லை. அதே காலத்தில் ஏறத்தாழ 50,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது, அது பெரும்பேறே. ஆயினும் ஆண்டு முடிந்ததும் இரவற் செய்மதி திரும்பிச் சென்றது. பல கிராமங்களில் பெட்டி மௌனமாயிற்று. இந்தியா தனக்கென இன்சாற் செய்மதிகளை ஏவி மீண்டும் இவ்வழியில் நடக்கச் சில ஆண்டுகள் சென்றன. ஆக, அங்கே அறுந்தது செய்மதியின் தொடர்பு; பழுதுபார்ப்போர் ஒழுங்கு இறுதி நாள்வரை அறவில்லை.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்குண்டு. பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956ஆம் ஆண்டு முதல் நம் நாட்டைத் தம் வாழிடமாகக் கொண்டவர். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1975ஆம் ஆண்டு கொழும்பிலுள்ள அவரது இல்லத்தில் அத்தகைய அலைவாங்கி ஒன்றைப் பொருத்தினர். இந்தியக் கிராமத்துப் பிள்ளைகள் கண்ட நிகழ்ச்சிகளை அவரும் கொழும்பிலிருந்து கண்டு மகிழ்ந்தார். அந்த ஒரு வீட்டுக்குங்கூடப் பொறியியலாளர் நேரில் வந்து பொருத்திக் கொடுத்தே சென்றனர் என்பது நினைக்கத்தக்கது.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1949ஆம் ஆண்டு இலங்கை வானொலி என்னும் பெயர்பெற்ற நிலையம், மும்மொழியிலும் பாடசாலை ஒலிபரப்பை நடத்திவந்ததை மூத்த நேயர்கள் மறந்திரார். 1990ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்னும் வலையமைப்பு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் உருப்பெற்றது. 1990களில் கல்வி வலயங்களில் கணினி வள நிலையங்கள் தோன்றின. 2006ஆம் ஆண்டளவில் 'ஸ்கூல்நெற்' என்னும் பாடசாலை வலையமைப்பு உருவாயிற்று. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' என்னும் இணையக் கல்வித்தளமும் பின்னர் வந்தது. ஆண்டுதோறும் எத்தனையோ பாடசாலைகளுக்குக் கணினிகள் சென்றன, நாடா வெட்டப்பட்டது, படம் பிடிக்கப்பட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில் கொவிட் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. 10,000க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள். அவற்றிற் பயின்ற மாணவர் ஏறத்தாழ 40 இலட்சம். ஒரே நாளில் அனைவருக்கும் தொலைப்பாடமே கதியாயிற்று. பல்கலைக்கழக மாணவருக்கு நிலைமை ஓரளவு எளிதாயிற்று. ஏனெனில் லேர்ன் வலையமைப்பு முப்பதாண்டாக இயங்கி வந்தது. அதனைப் பராமரிக்கும் பொறியியலாளர் இருந்தனர். அவ்வலையமைப்பின் வழியாகப் பாடங்களைக் கட்டணமின்றிப் பெறத் தொலைபேசி நிறுவனங்களும் அந்நாட்களில் இணங்கின. பாடசாலைகளுக்கோ நேத்ரா தொலைக்காட்சி போன்ற அலைவரிசைகளிற் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஏனையவற்றை ஆசிரியர்கள் தம் கைத்தொலைபேசியிலே, தம் சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கி, வாட்ஸ்அப் வழியாக அனுப்பினர். 2021ஆம் ஆண்டு பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள், அலைத்தொடர்பு வேண்டிக் காட்டுவழியே நடந்து மலைப்பாறை மீதேறிப் பாடம் கற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதனை வாசித்துப் பெருமை கொண்டாருமுளர், நாணியவருமுளர்.

அக்காலத்தில் நான் அதிபராகப் பணியாற்றிய பாடசாலையில் நிகழ்ந்த ஒன்றை இங்கு கூற வேண்டியுள்ளது. எங்கள் பாடசாலையில் ஒரு கணினி அறை இருந்தது. அதில் இருபது கணினிகள் இருந்தன. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊரடங்கு தளர்ந்தபோது, வீட்டிற் கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகளைச் சிறுசிறு குழுவாக அழைத்து அவ்வறையில் இருத்திப் பாடங்களைக் காட்டலாம் என்று எண்ணிக் கதவைத் திறப்பித்தேன். இருபதில் ஆறே இயங்கின. ஏனையவற்றைப் பற்றி எனக்கு முன்பிருந்த அதிபரும் நானும் உரியவர்களுக்கு எழுதிய கடிதங்கள் கோவையில் ஒழுங்காக இருந்தன. மறுமொழிகளும் ஒழுங்காக இருந்தன.

தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் எங்கள் ஆசிரியை திறமையானவர். ஆனால் அவர் பாடம் கற்பிக்கப் பயின்றவரேயன்றிப் பழுதுபார்க்கப் பயின்றவர் அல்லர். ஆகவே சந்தியில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த முதியவர் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டிகளைத் திறந்தார். ஒன்றினுள் பல்லி முட்டையிட்டிருந்தது. மற்றொன்றில் எறும்புக் கூடு. தூசியைத் தட்டி, நினைவகத் தகட்டைக் கழற்றி, பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரால் அதன் பித்தளை நிற விளிம்பைத் துடைத்து மீண்டும் செருகினார். முற்றாகக் கெட்ட பெட்டிகளின் உறுப்பை எடுத்து மற்றவற்றுக்கு இட்டார். மாலையில் பதின்மூன்று கணினிகள் இயங்கின. "ஐயா, இவற்றிற் பாதி பழுதே இல்லை, பார்க்க ஆளில்லாமற் கிடந்தவை" என்றார் அவர். பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். தம் பேர்த்தியும் இங்கேதான் படிக்கிறாள் என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் பொருட்கணக்கெடுப்பு நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் 'கணினி, 20' என்று எழுதப்பட்டிருக்கும். கணக்கெடுக்க வந்தவர் எண்ணிப் பார்ப்பார்; இருபதும் இருக்கும். 'உண்டு' என்று குறிப்பார். அதன்கீழ் நான் கையொப்பமிடுவேன். இயங்குகின்றதா என்று அப்பதிவேடு கேட்கவில்லை. கேட்காத வினாவுக்கு நானும் விடை கூறவில்லை. உண்மையில் அக்கணக்குப் பிழையற்றது. பிழையற்ற கணக்கின்கீழ் பதினான்கு கணினிகள் உறங்கிக் கிடந்தன. பிறரைக் குறைகூறும் முன் என் கையொப்பத்தையே நான் குறைகூற வேண்டியவனாகின்றேன்.

பின்னர் அவுஸ்திரேலிய வரலாற்றையும் இந்தியப் பரிசோதனையையும் வாசித்தபோதுதான், வேறுபாடு எங்கே உள்ளது என்பது எனக்குத் தெளிவாயிற்று. அவர்களிடம் நம்மினும் சிறந்த கருவி இருந்தது என்பதன்று வேறுபாடு. மிதிப்பொறியும் கோழிக்கூட்டுக் கம்பிவலையும் நம்மிடமிருந்த கணினிகளிலும் எளிய பொருள்களே. வறள்நிலத்தில் மறுமொழி கூறும் குரல்களை எண்ணினர். இந்தியக் கிராமங்களில் இயங்கும் பெட்டிகளை எண்ணினர். நாமோ கொடுத்த பெட்டிகளை எண்ணினோம். எதனை எண்ணுகின்றோமோ அதற்கே பணமும் ஆளும் ஒதுக்கப்படும் என்பது அரசாங்க நிருவாகத்தின் இயல்பு. கொடுப்பதை எண்ணினால் மேலும் கொடுக்கப்படும். இயங்குவதை எண்ணினால் இயங்கவைக்க ஆள் நியமிக்கப்படுவர்.

இது கடந்துபோன கதையென்று அமைந்துவிடுதல் ஆகாது. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் தட்டுப்பட்டபோது மீண்டும் பல பாடசாலைகள் இணையவழிக்குத் திரும்பின. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டும் இருந்தது. மின்சாரமில்லாத வேளையில் இணையப்பாடம் எவ்வாறு நடைபெறும் என்னும் வினாவுக்கு, மின்சாரமே இல்லாத பண்ணைகளில் திரேகர் 1929இல் விடை கண்டிருந்தார். அவர் முதலிற் கேட்டது, இக்கருவி எங்கே வைக்கப்படும், யார் கையாள்வர், அங்கே என்ன உண்டு, என்ன இல்லை என்பதே. வெள்ளமும் புயலும் நோயும் இனியும் வரும். பாடசாலைக் கதவுகள் இனியும் மூடப்படும். அன்றைக்கு ஆள் தேடி அலைவதினும் இன்றே ஒழுங்கு செய்தல் அறிவுடைமை.

அவ்வொழுங்கு பெருஞ்செலவினது என்று நான் கருதவில்லை. ஒவ்வொரு கல்வி வலயத்திலும், ஒரு தொகுதிப் பாடசாலைகளுக்கு ஒருவர் என்ற அளவில், பழுதுபார்ப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட தொழில்நுட்பர் இருத்தல் வேண்டும். அவர் பயணஞ் செய்ய வாகனமும், கையில் உதிரிப்பாகமும் வேண்டும். ஆசிரியர் பழுதை அறிவிக்க எளிய வழி ஒன்று வேண்டும். அன்றைய தபாலட்டையின் இடத்தில் இன்று ஒரு தொலைபேசி இலக்கம் போதும். பொருட்கணக்கெடுப்புப் பதிவேட்டில் 'உண்டு' என்னும் நிரலுக்கு அருகே 'இயங்குகின்றது' என்னும் நிரல் ஒன்றைக் கோடிட்டுச் சேர்க்க வேண்டும். இக்கடைசிக் காரியத்துக்கு ஓர் அடிமட்டமும் பேனாவும் அன்றி வேறு செலவில்லை. என் பாடசாலைப் பதிவேட்டில் அந்நிரலை நானே வரைந்துள்ளேன். தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியையும் இயக்கிப் பார்த்து அதில் எழுதுகின்றோம். பழுதானவற்றைப் பற்றிக் கடிதம் எழுதுவதையும் நிறுத்தவில்லை.

நேயர்களுள் அதிபர்களும் ஆசிரியர்களும் பலர் இருப்பீர்கள், பெற்றோரும் இருப்பீர்கள். நாளை உங்கள் பாடசாலைக்குச் செல்லும்போது, எங்கள் பாடசாலையில் எத்தனை கணினி உண்டு என்று வினவுவதை விடுத்து, இன்று எத்தனை இயங்குகின்றது, பழுதானால் வருபவர் யார் என்று வினவுங்கள். அவ்வினாவுக்கு விடையில்லையாயின், சந்தியிலே மின்னிணைப்புக் கோலுடன் அமர்ந்திருக்கும் யாரேனும் ஒரு முதியவரைத் தேடிச் செல்லுங்கள். அவரைப் போன்றோரே இத்தேரின் அச்சாணி. அவர் பாடசாலை வாயிலில் வந்து நிற்கும்போது நாற்காலி இட்டு அமரச் செய்யுங்கள்.